கூரி ஆசிரியையோடு ஒரே அறையில்: சிட்னி சைல்ட்கேர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சிட்னிக்கு வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேலை வேண்டும் என்று நினைக்கிற நம் பெண்கள் பலர் எடுக்கும் முதல் படிப்பு சைல்ட்கேர் சர்டிபிகேட் த்ரீ. அதில் பூர்வகுடி மக்களின் பண்பாட்டைப் பற்றி ஒரு பாடம் கட்டாயம் உண்டு. நிறையப் பேர் அதை இணையத்தில் விடை தேடி ஒரே இரவில் எழுதி முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் முடித்தேன். அப்புறம் முதல் வேலையில், இரண்டு வயதுப் பிள்ளைகளின் அறையில், எனக்கு ரூம் லீடராக, அதாவது அறைப் பொறுப்பாளராக, ஒரு கூரிப் பெண் இருந்தார். கூரி என்றால் இந்தப் பக்கத்துப் பூர்வகுடியினர். அந்தப் பாடத்தை நான் படிக்கவே இல்லை என்பது ஒரே வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

உங்களுக்கும் அப்படி ஒரு சக ஊழியர் அமையலாம். அவர் எப்படி இந்த வேலைக்கு வந்தார், எதையெல்லாம் சுமக்கிறார், நீங்கள் எதை உங்கள் பங்காக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நியூ சவுத் வேல்ஸை வைத்தே எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் சில விதிகள் மாறும்.

1. முதலில், நிற்கிற நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிளாக்டவுன், டூங்காபி, வென்ட்வர்த்வில் பக்கம் நம்மவர்கள் நிறைய. முருகன் கோயில் இருக்கிற மேஸ் ஹில்லும் அதே வட்டாரம்தான். இவையெல்லாம் தாருக் மக்களின் நிலம். பரமட்டா என்ற பெயரே அவர்களுடைய சொல்லிலிருந்து வந்தது. விலாங்கு மீன்கள் தங்கும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

பிளாக்டவுன் என்ற பெயர் எப்படி வந்தது என்று பல வருடம் நான் யோசித்ததே இல்லை. 1814ஆம் ஆண்டின் கடைசியில் ஆளுநர் மக்வாரி, பூர்வகுடிப் பிள்ளைகளை ஆங்கிலேய முறையில் வளர்ப்பதற்கென்று பரமட்டாவில் ஒரு நிறுவனத்தை அறிவித்தார். அங்கே சேர்ந்த பிள்ளையைப் பெற்றோர் தங்கள் விருப்பப்படி திரும்பக் கூட்டிக்கொண்டு போக முடியாது. வருடத்தில் ஒரு நாள் நடக்கும் கூட்டத்தில் பார்க்கலாம், அவ்வளவுதான். 1823இல் அந்த நிறுவனம் இன்றைய பிளாக்டவுன் வட்டாரத்துக்கு மாறியது. ஊரின் பெயரும் அந்தக் காலத்திலிருந்து வந்ததே. அந்த நிறுவனம் இருந்த நிலம் 2018இல்தான் தாருக் மக்களிடம் திரும்பி வந்தது.

அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் மரியா. யாரமுண்டி என்ற தாருக் தலைவரின் மகள். 1819இல் நடந்த பொதுத் தேர்வில், ஏறக்குறைய நூறு ஐரோப்பியப் பிள்ளைகளையும் தாண்டி ஒரு பூர்வகுடிச் சிறுமி முதல் பரிசு வாங்கினாள் என்று செய்தி வந்தது. அந்தச் சிறுமி மரியாதான் என்று கருதுகிறார்கள். பின்னாளில், இறந்துபோன தன் சகோதரர் கோல்பியின் பிளாக்டவுன் நிலத்தைக் கேட்டு 1831இல் ஆளுநருக்கு மனு எழுதி, 1843இல் அதை வாங்கியும் விட்டார். எத்தனை உறுதி! இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிற நீங்கள் இந்தப் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன்? இந்த நாட்டில் 'பிள்ளைகளுக்கான நிறுவனம்' என்ற சொல்லே பூர்வகுடிக் குடும்பங்களுக்கு வேறு விதமாகக் கேட்கும். ஏறக்குறைய 1910இலிருந்து 1970கள் வரை, பிள்ளைகளைச் சட்டப்படியே குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். 1997இல் அதைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உங்கள் நிலையத்துக்கு வரும் ஒரு பாட்டி அப்படிப் பிரிக்கப்பட்ட பிள்ளையாக இருந்திருக்கலாம். இன்றும் பூர்வகுடிப் பிள்ளைகள் அரசுப் பராமரிப்புக்குப் போவது மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு அம்மா வாசல் கதவுக்கு உள்ளே வரத் தயங்கினால், படிவத்தில் சில கேள்விகளை நிரப்பாமல் விட்டால், அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசலில் தன்னுடைய ஆள் ஒருவர் நிற்பதைப் பார்க்கும்போது அந்த அம்மாவின் தோள் இறங்கும். உங்கள் கூரிச் சக ஊழியர் காலையில் செய்கிற முதல் வேலை அதுதான். அதை எந்த வேலை விவரப் பட்டியலிலும் எழுதமாட்டார்கள்.

2. அவர் வந்த வழி

என் ரூம் லீடர் இந்த வேலைக்கு வந்தது அக்காவின் பிள்ளையால். பூர்வகுடி சமூகம் நடத்திய பாலர் பள்ளியில் அந்தப் பிள்ளையை விடப் போனவர், அங்கேயே சமையலறையில் கைகொடுத்து, அப்புறம் அறையில் உதவியாளராகி, டிரெய்னியாகச் சேர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டே சர்டிபிகேட் த்ரீ முடித்தார். சில வருடம் கழித்து டிப்ளோமா. நான் அவரைச் சந்தித்தபோது பட்டப் படிப்பின் இரண்டாம் வருடம். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

ஏணி எல்லோருக்கும் ஒன்றுதான். சர்டிபிகேட் த்ரீக்கு 160 மணி நேரம் பிளேஸ்மென்ட் என்ற நேரடிப் பயிற்சி, டிப்ளோமாவுக்கு 280 மணி நேரம். இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை ஊழியர் என்ற விகிதக் கணக்கில் வரும் ஊழியர்களில் பாதிப் பேராவது டிப்ளோமா முடித்தவர்களாகவோ படித்துக்கொண்டிருப்பவர்களாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் டிப்ளோமா இருந்தால் வேலை கிடைப்பது சுலபம். ஆசிரியர் என்ற பதவிக்குப் பொதுவாக நான்கு வருடப் பட்டம் வேண்டும், நியூ சவுத் வேல்ஸில் அதற்குப் பிறகு நீசா என்ற அமைப்பில் அங்கீகாரமும் வாங்க வேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்ய அனுமதிச் சான்று ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. முதலுதவிச் சான்றை, பிள்ளைகள் நிலையத்துக்கென்று இருக்கிற வகையில் எடுங்கள். ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் அதில் சேர்ந்தே வரும்.

பூர்வகுடி மாணவர்கள் ஏறும்போது சில படிகள் அவர்களுக்கென்று போடப்பட்டிருக்கின்றன. ஆப்ஸ்டடி என்ற உதவித்தொகை 1969இலிருந்து இருக்கிறது. பிளாக் முறையில் படிக்கலாம். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் வளாகத்துக்குப் போய்த் தங்கிப் படித்துவிட்டு, மீதி நாள் ஊரில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. விக்டோரியாவில் டீக்கின் பல்கலைக்கழகம் 1986இல் கூரி ஆசிரியர் பயிற்சித் திட்டமாக இப்படித்தான் தொடங்கியது. இன்று அது நிகெரி நிலையம். வட பிரதேசத்தில் டார்வினுக்குத் தெற்கே பாச்சலர் நிலையம் இருக்கிறது. ஊரையும் உறவையும் நான்கு வருடம் விட்டுப் போக முடியாதவர்களுக்காக வந்த ஏற்பாடு இது. 'அவர்களுக்கு எல்லாம் சும்மா கிடைக்கிறது' என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைத் திருப்பிச் சொல்லாதீர்கள். பாடமும் தேர்வும் எல்லோருக்கும் ஒன்றுதான். படிப்பதற்கு அமைதியான ஒரு மேசை கிடைப்பதுதான் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

இதற்கு மேல், அரசாங்கக் கணக்கில் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூர்வகுடியினருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க 2020இல் கையெழுத்தான 'குளோசிங் த கேப்' ஒப்பந்தத்தில் இரண்டு இலக்குகள் நம் துறையைப் பற்றியவை. பள்ளிக்கு முந்தைய வருடத்தில் 2025க்குள் 95% பூர்வகுடிப் பிள்ளைகள் பாலர் கல்வியில் பதிவாக வேண்டும் என்பது ஒன்று. 2031க்குள் 55% பிள்ளைகள் பள்ளி தொடங்கும்போது ஐந்து வளர்ச்சித் துறைகளிலும் சரியாக இருக்க வேண்டும். பதிவு வேகமாக ஏறியது. இரண்டாவது 2021 கணக்கில் 34.3 சதவீதத்தில் நின்றது. வாசல் வரை பிள்ளை வந்துவிடுகிறது, அப்புறம் அறைக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அறைக்குள் இருப்பவர்கள் அவரும் நீங்களும்.

3. சொற்களும் உறவுகளும்

'கூரி' என்பது நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா பக்கத்துப் பூர்வகுடி மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது. குயின்ஸ்லாந்தில் முர்ரி, மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் நூங்கார். ஒருவர் தன்னைத் தாருக் என்றோ, இதே மாநிலத்தின் இன்னொரு மக்களான விராஜுரி என்றோ சொன்னால் அந்தப் பெயரையே சொல்லுங்கள். டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் தனி மக்கள், ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். 'அபோ' என்ற சுருக்கம் கெட்ட வார்த்தை. நம் வீடுகளில் சிலர் தெரியாமல் சொல்கிறார்கள், நிறுத்திவிடுங்கள். தோல் நிறத்தை வைத்து 'நீங்கள் பார்க்க அப்படி இல்லையே', 'எத்தனை சதவீதம்?' என்று கேட்பதும் கூடாது. பிரிக்கப்பட்ட பிள்ளைகளை ஒரு காலத்தில் அந்தக் கணக்கை வைத்துத்தான் பிரித்தார்கள்.

பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று அழைப்பார்கள். நாம் இங்கே அறிமுகமில்லாதவர்களைக்கூட ஆன்ட்டி என்போமே, அப்படி இல்லை. அது சமூகம் கொடுத்த மரியாதை. உங்களுக்கு அப்படி அறிமுகப்படுத்தினால் அப்படியே அழையுங்கள்.

உறவுமுறையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பல பூர்வகுடிச் சமூகங்களில் அம்மாவின் சகோதரியும் அம்மாதான், அப்பாவின் சகோதரரும் அப்பாதான். அவர்களுடைய பிள்ளைகள் அண்ணன், தங்கை. அம்மாவின் சகோதரரும் அப்பாவின் சகோதரியும்தான் வேறு வகை. வெள்ளைக்காரச் சக ஊழியர்கள் இதைப் புரிந்துகொள்ள வரைபடம் போடுவார்கள். பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சித்தப்பா என்று வளர்ந்த நமக்கு அது தேவையே இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியேரா மக்களின் உறவுமுறையையும் நம் உறவுமுறையையும் மானுடவியலாளர்கள் அருகருகே வைத்துப் பேசியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை 'என் மற்ற அம்மா வந்து கூட்டிப்போவாள்' என்று சொன்னால் முகத்தைச் சுருக்காதீர்கள். கூட்டிச் செல்ல அனுமதி உள்ளவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் குடும்பத்தோடு பேசிச் சேர்த்துவிடுங்கள். பிள்ளை இரண்டு வாரம் பாட்டி வீட்டில் இருந்தது என்பதும் அப்படித்தான். பிள்ளையின் பாதுகாப்பில் சந்தேகம் வந்தால் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை நமக்கு உண்டு, அதில் மாற்றம் இல்லை. ஆனால் கூட்டாகப் பிள்ளை வளர்ப்பதையே சந்தேகமாக எழுதிவிடக் கூடாது.

'நாங்களும் நிலத்தை இழந்தவர்கள்தான்' என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு அது நுனி நாக்கில் நின்றது. நான் இழந்த நிலம் கடலுக்கு அப்பால் இருக்கிறது, அவர் இழந்த நிலத்தில் நான் வீட்டுக் கடன் கட்டுகிறேன். இரண்டு வருடம் கழித்து அவரே என் ஊரைப் பற்றிக் கேட்டார். அன்று பேசினோம்.

4. அவரிடம் கேட்பதற்கு முன்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். நிலையத்தில் பூர்வகுடி ஊழியர் ஒருவர்தான் இருப்பார். ஜூலையில் பூர்வகுடிப் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரம் வந்தால் எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். சுவரில் என்ன ஒட்டலாம், இந்தச் சொல் சரியா, இந்தப் புத்தகம் சரியா, கூட்டத் தொடக்கத்தில் நிலத்துக்குரியவர்களை நினைத்துச் சொல்லும் நில வணக்கத்தை நீங்களே சொல்லிவிடுகிறீர்களா? அதுபோக, குடும்பங்கள் அவரையே தேடும். சமூகக் கூட்டங்கள், இறுதிச் சடங்குகள் எல்லாம் வேறு. அவருக்கும் மற்றவர்களைப் போலவே பதிவுகள் எழுத வேண்டும், நாப்பி மாற்ற வேண்டும், ஓய்வு நேரமும் அதே அரை மணிதான். இந்தப் பண்பாட்டுச் சுமையால் நல்ல ஆசிரியைகள் களைத்துப்போய் வேலையை விட்டதைப் பார்த்திருக்கிறேன். அது பிள்ளைகளுக்குத்தான் இழப்பு.

இவற்றை நீங்களே செய்யலாம்:

— உங்கள் நிலையம் யார் நிலத்தில் இருக்கிறது என்பதை பூர்வகுடி ஆய்வுக்கான அயாட்சிஸ் (AIATSIS) நிறுவனத்தின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூராட்சி மன்றத்திடமும் கேளுங்கள்.

— நில வணக்கத்தை நீங்களே சொல்லப் பழகுங்கள். 'அக்னாலெட்ஜ்மென்ட்' என்பதை யாரும் சொல்லலாம். 'வெல்கம்' சொல்லும் உரிமை அந்த நிலத்துக்குரியவர்களுக்கு மட்டும்தான். விராஜுரிப் பெண்ணிடம் தாருக் நிலத்தில் வெல்கம் சொல்லச் சொன்னால் அவரைச் சங்கடத்தில் தள்ளுகிறீர்கள்.

— நாட்களைக் குறித்துவையுங்கள். மே 26 பிரிக்கப்பட்ட பிள்ளைகளை நினைக்கும் 'சாரி டே', மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம், ஜூலையில் நெய்டாக், ஆகஸ்ட் 4. இந்தக் கடைசி நாள் பூர்வகுடிப் பிள்ளைகள் தினம், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான ஸ்நெய்க் (SNAICC) அமைப்பு 1988இல் தொடங்கியது. குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தங்கள் பிறந்த நாளே தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொதுவாகப் பிறந்த நாள் கொண்டாடிய தினம் அது. நான் அதைக் கேட்ட நாளில் அழுதுவிட்டேன்.

— மூத்தவர் ஒருவரை அழைத்தால் பணம் கொடுங்கள். மின்வேலைக்காரருக்குக் கொடுப்பது போல, கேட்காமலே, அன்றே. டைரக்டரிடம் முன்பே பேசிவையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கேள்வி மிஞ்சினால் கேளுங்கள். 'இதைப் பற்றிப் பேச இப்போது நேரம் இருக்கிறதா?' என்று தொடங்குங்கள். 'இல்லை' என்றால் அது பதில்தான்.

5. பிள்ளைகளோடு

நாம் பின்பற்றும் தேசியப் பாடத்திட்டச் சட்டகம் 2009இல் வந்தது. 2022இல் திருத்தியபோது பூர்வகுடி நோக்குகளைத் தனிக் கொள்கையாகவே சேர்த்தார்கள். அதனால் பூர்வகுடிப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத அறையிலும் இது உங்கள் வேலை.

புள்ளி ஓவியத்தில் தொடங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நாம் இன்று பார்க்கும் அந்தப் பாணி 1970களில் மத்திய ஆஸ்திரேலியாவின் பாப்புன்யாவில் வளர்ந்தது, அதன் வடிவங்களுக்கு உரிமையாளர்கள் உண்டு. டிஜெரிடூ வட ஆஸ்திரேலியாவின் வாத்தியம். தாருக் நிலத்துப் பிள்ளைக்குத் தாருக் நிலத்திலிருந்து தொடங்குங்கள். முற்றத்தில் எந்தப் பறவை வருகிறது, ஓடையில் விலாங்கு எப்போது நகர்கிறது, மஞ்சள் பூப் பூக்கும் வாட்டில் மரம் எப்போது பூக்கிறது. என் ரூம் லீடர் இரண்டு வயதுப் பிள்ளைகளோடு காலையில் மண்ணைத் தொட்டு ஒரு வணக்கம் சொல்வார். மண்ணுக்கு, மரத்துக்கு, பறவைக்கு, இதைப் பார்த்துக்கொண்ட மூத்தவர்களுக்கு. நான்கு வரிதான். பேசத் தொடங்காத பிள்ளைகூடக் கையை மண்ணில் வைக்கும். பூர்வகுடி மொழிச் சொற்களைப் பாட்டில் சேர்க்க நினைத்தால், அந்த மொழிக்குரியவர்களிடம் அனுமதி கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். வலைத்தளத்தில் கிடைத்த சொல் எந்த ஊர் மொழியோ தெரியாது. இந்தக் கண்டத்தில் 250க்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன.

ஒரு முறை நான் ஒரு பிள்ளையின் ஆங்கிலத்தைத் திருத்தினேன். மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தேன். அந்தப் பிள்ளை அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. மாலையில் ரூம் லீடர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'அது அவன் பாட்டியின் ஆங்கிலம்' என்றார். அபோரிஜினல் இங்கிலிஷ் தனக்கென இலக்கணமுள்ள ஒரு பேச்சு வழக்கு. யாழ்ப்பாணத் தமிழைத் 'தப்புத் தமிழ்' என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? பிள்ளை சொன்னதை ஏற்றுக்கொண்டு, உங்கள் ஆங்கிலத்தில் இயல்பாகப் பதில் சொல்லுங்கள், இரண்டும் அதன் காதில் விழட்டும்.

காது என்றதும் இன்னொன்று. பூர்வகுடிப் பிள்ளைகளிடம் நடுக்காது அழற்சி அதிகம். கூப்பிட்டுத் திரும்பாத பிள்ளையைச் 'சொல் கேளாதவன்' என்று எழுதிவிடாதீர்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுங்கள், பின்னணிப் பாட்டை நிறுத்துங்கள், கையசைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செவிச் சோதனைக்குக் குடும்பத்தோடு மெதுவாகப் பேசுங்கள்.

6. பூர்வகுடி நிலையத்திலேயே வேலை செய்ய

முடியும். மெல்பர்னில் தாமஸ்டவுனில் புபுப் விலாம், தார்ன்பரியில் யப்பெரா போன்ற, சமூகமே நடத்தும் நிலையங்கள் இருக்கின்றன. சில பதவிகள் பூர்வகுடியினருக்கு மட்டும் என்று விளம்பரத்திலேயே இருக்கும், அவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். மற்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது 'எனக்குப் பண்பாடு பிடிக்கும்' என்று எழுதுவதைவிட, இதுவரை என்ன செய்தீர்கள், யாரிடம் கற்றீர்கள் என்று எழுதுங்கள். நேர்காணலில் குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை, நிதானமாகச் சொல்லுங்கள்.

7. சக ஊழியராக

சமூகத்தில் ஒரு சாவு நடந்தால் அவர் பல நாள் வராமல் இருக்கலாம். அந்தத் துக்கக் காலத்தை 'சாரி பிசினஸ்' என்பார்கள். யார் இறந்தது, எவ்வளவு நெருங்கிய உறவு என்று துருவ வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் பல சமூகங்களில் தவிர்க்கப்படுகிறது. நிலையச் சுவரில் அவர் படம் இருந்தால் குடும்பத்திடம் கேட்டு எடுத்துவையுங்கள்.

படிக்கிறவராக இருந்தால், அவருடைய பிளாக் வாரங்களின் தேதிகளை வருடத் தொடக்கத்திலேயே கேட்டு ஊழியர் அறைக் காலண்டரில் எழுதுங்கள். ரோஸ்டர் போடும் முன் டைரக்டரிடம் போய், அந்த வாரத்து ஆறரை மணிக் காலை ஷிப்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் திரும்பி வரும் திங்கட்கிழமை, அந்த வாரத்துப் பிள்ளைகளின் பதிவுகள் எழுதி முடிந்திருக்கட்டும்.